பாட்டில் நெக்

சங்கத்துல பொறுப்புக்கு வர்றதும், வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போறதும் ஒண்ணுதானுங்க. என்னதான் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாலும், சாயங்காலம் ஏதாச்சும் ஒரு பக்கம் கறை படாம ஊடு வந்து சேர முடியாது.

கூட வேலை செய்யறவங்க, "அக்கா முதலாளி பக்கம் சாஞ்சுட்டாங்க"ன்னு சொல்லுவாங்க. மேனேஜர், "நீங்களே இப்படிப் பேசலாமுங்களாக்கா?"ன்னு வருத்தப்படுவாரு. ஊட்டுக்காரர், "உனக்குச் சோறு போடறது கம்பெனியா, சங்கமா?"ன்னு கேப்பாரு. உங்கள்ல யாராச்சும் கோயில் கமிட்டியிலயோ அபார்ட்மெண்ட் அசோசியேஷன்லயோ ஒரு பொறுப்புல இருந்திருந்தீங்கன்னா நான் படற பாடு சொல்லாமலே புரியும். இல்லாதவங்க கொடுத்து வச்சவங்க, அப்படியே இருந்துக்கங்க.

நான் குடியிருக்கறது திருப்பூர் மண்ணரையில. வேலை வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில. தைச்சு வர்ற பீஸைப் புரட்டிப் பார்த்து டேமேஜைப் பிரிச்சுப் போடற செக்கிங் டேபிள். அதே கம்பெனியில சங்கத்தோட கிளைச் செயலாளரும் நான்தான். பேர் சொல்லி யாரும் கூப்பிடறதில்லை, எல்லாருக்கும் சங்கத்தக்கா. இங்க சொல்றதெல்லாம் எங்க கம்பெனிக்கு 'உற்பத்தி மேம்பாடு' வந்தப்போ நடந்தது. வெளிநாட்டுக்காரன் ஆர்டரைச் சீக்கிரம் கேக்கறான், லைன் வேகமா ஓடலைன்னா ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும்னு நிர்வாகம் சொன்னுச்சு. நாங்களும் பேசிப் பார்த்தோம். இதைச் சாக்கா வச்சு ஒருத்தரையும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டு ஒத்துக்கிட்டோம். ஆனா கம்பெனிக்குள்ளயே ஒருத்தரை ஒரு வேலையில இருந்து எறக்கி இன்னொரு வேலைக்கு மாத்தலாங்கறது எங்க யாருக்கும் அப்போ தோணலை.

சாப்பிட்டீங்களா

ஸ்டாப் வாட்சோட வந்தது ஒரு சின்னப் பொண்ணு. பேரு நிவேதா. சோமனூர்ல விசைத்தறி ஓட்டற ஊட்டுப் பொண்ணு, படிச்சு முடிச்சுட்டு எங்க கம்பெனி ஐ.ஈ. டிபார்ட்மெண்டுல சேர்ந்திருந்துச்சு. ஐ.ஈ.ன்னா பயப்படாதீங்க. எந்தத் தையலுக்கு, அவங்க பாஷையில ஆபரேஷனுக்கு, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு வாட்ச் வச்சுப் பார்த்து, ஒருத்தி தைச்சதை அடுத்தவ வாங்கித் தைக்கற லைன் எந்த எடத்துல தேங்குதுன்னு கண்டுபிடிக்கற வேலை.

எங்க ஆளுங்க அந்தப் பொண்ணை மொறைச்சுப் பார்ப்பாங்க, வாட்சைக் கண்டா வேணும்னே மெதுவாத் தைப்பாங்கன்னு நான் நினைச்சுட்டு இருந்தேன். நடந்தது வேற. ஒருத்தி பக்கத்துல வந்து நிக்கறப்போ மெஷினை ஓட்டிட்டே இருந்தா அது என்ன மரியாதை? நிவேதா வாட்சை அமுத்தறப்போவெல்லாம் இவங்க பெடல்ல இருந்து காலை எடுத்துடறாங்க. "வாங்க கண்ணு, சாப்பிட்டீங்களா? ஏன் நின்னுட்டே இருக்கறீங்க, கால் வலிக்காதுங்களா?" ஒருத்தி ஸ்டூலை இழுத்துப் போடறா. இன்னொருத்தி டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டறா. அதுக்கு அடுத்தவ, அப்பா அம்மா சௌக்கியமான்னு கேட்டுட்டு, தறி இப்போ எப்படி ஓடுதுன்னும் கேட்டுட்டுத்தான் துணியைக் கையில எடுக்கறா.

அன்னிக்குச் சாயங்காலம் நிவேதா என் டேபிளுக்கு வந்துச்சு. மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு, ஆனா வாயில முறுக்கு இருந்துச்சு. எழுதின பேப்பரை என் முன்னாடி விரிச்சு வச்சுட்டுக் கேட்டுச்சு. "ஏனுங்கக்கா, இந்த 'சாப்பிட்டீங்களா'வை நான் எந்த ஆபரேஷன்ல எழுதறதுங்க?"

நடக்கிற வேஸ்ட்டு

அடுத்து ஒரு டிரெய்னிங். வெளியூர்ல இருந்து கழுத்துல டை கட்டின ஒருத்தர் வந்தாரு. கேன்டீன்ல எல்லாரையும் உக்கார வச்சு, தொழிற்சாலையில எதெல்லாம் வேஸ்ட்டுன்னு பாடம் எடுத்தாரு. காத்திருக்கறது வேஸ்ட்டு. குனிஞ்சு எடுக்கறது வேஸ்ட்டு. கட்டிங் டேபிள்ல இருந்து லைனுக்கு நடந்து போறது வேஸ்ட்டு. எல்லாத்தையும் கம்பெனியை விட்டு வெளியேத்தணும்னு கையை வீசி வீசிச் சொன்னாரு.

பாவம், அவருக்கு எங்க ஊரு தெரியலை. திருப்பூர்ல வேஸ்ட்டுன்னா அது மட்டமான வார்த்தை இல்லீங்க. கட்டிங்ல மிஞ்சற துண்டுத் துணிக்குப் பேரு வேஸ்ட்டு. அதை வாங்கி விக்கறதுக்குன்னே தெருவுக்குத் தெரு கடை இருக்கு, அதுல ஊடு கட்டினவங்களும் இருக்காங்க. அதனால அவரு "வேஸ்ட்டை வெளியேத்தணும்"னு சொல்லச் சொல்ல, எங்க ஆளுங்க அதுதான் வாரா வாரம் வண்டியில போகுதே, இதுல புதுசா என்ன இருக்குன்னு முழிச்சாங்க.

கட்டிங் மாஸ்டர் ரபீக் பாய் எங்க சங்கத்துல பொருளாளர். வாயைத் திறக்கறதே அபூர்வம். அவரு பொறுமையா எந்திரிச்சு, தலையில இருந்த தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, ரொம்ப மரியாதையாத்தான் கேட்டாரு. "சார், நம்மூர்ல வேஸ்ட்டுக்கு கிலோவுக்கு இன்ன விலைன்னு உண்டுங்க. நாங்க நடக்கிற இந்த நடையை எந்தக் கடையில கொண்டு போய்ப் போடறதுங்க?"

புது நெக்

இப்போ பேச்சியம்மாவைப் பத்திச் சொல்லணும். விருதுநகர் பக்கத்துல இருந்து பிழைப்புக்கு வந்தவ. வந்தப்போ கைமடி, அதாவது டெய்லருக்குப் பக்கத்துல நின்னு துணியை மடிச்சுக் கொடுக்கற வேலை. டெய்லருங்க சாப்பிடப் போற நேரத்துல காலி மெஷின்ல உக்காந்து, வேஸ்ட்டுத் துணியில தைச்சுத் தைச்சு, தானா டெய்லரானவ. டி-சர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வச்சுத் தைக்கறது அவ வேலை. அதைத்தான் நாங்க நெக்குன்னு சொல்லுவோம். பேருதான் பேச்சியம்மா, ஒரு நாள் பூராவும் பக்கத்துல இருந்தாலும் பத்து வார்த்தை வராது.

ஒரு நாள் காலையில லைனுக்கு முன்னாடி ஒரு வெள்ளைப் போர்டு மாட்டியிருந்தாங்க. அதுல நிவேதா இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு. எல்லாருக்கும் புரியட்டும்னு சூப்பர்வைசர் அதுக்குக் கீழ தமிழ்ல எழுதி வச்சாரு: 'பாட்டில் நெக் – பேச்சியம்மா.' அவ்வளவுதான், லைன் பூராவும் கசமுசா. ரவுண்ட் நெக் தெரியும். வி நெக் தெரியும். போட் நெக், டர்ட்டில் நெக் எல்லாம் தைச்சு அனுப்பியிருக்கோம். இது என்ன புதுசா பாட்டில் நெக்? வெளிநாட்டுக்காரன் புது டிசைன் அனுப்பியிருக்கான், நெக்குல பேச்சியம்மா கைதான் சுத்தம்னு அவளுக்குக் கொடுத்திருக்காங்கன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம். டர்ட்டில் நெக்கை விட உசரமா இருக்கும், பாட்டில் மாதிரி மேல போகப் போகச் சின்னதாகும்னு ஒருத்தி கையாலேயே காட்டினா. பேச்சியம்மா மூஞ்சியில அன்னிக்கு இருந்த வெக்கமும் சந்தோஷமும் நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லை. மெதுவா என்கிட்ட வந்து, "ஏக்கா, ஒரு சாம்பிள் பீஸ் வாங்கித் தாங்களேன், முன்னப்பின்ன தச்சதில்லை, தப்பாப் போயிரக் கூடாதுல்ல"ன்னா.

நான் நேரா மேனேஜர் ரூமுக்குப் போனேன். வெறும் சாம்பிள் கேட்டா நான் என்ன சங்கத்தக்கா? புது நெக்குன்னா கஷ்டமான வேலை, அதுக்குத் தனி ரேட் பேசணும்னு ஆரம்பிச்சு, டர்ட்டில் நெக்குக்கு எப்படிப் பேசினோம்னு பழைய கதையெல்லாம் எடுத்து விட்டேன். மேனேஜர் மொதல்ல முழிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, சங்கடத்தோட சொன்னாரு. "அது தைக்கிற நெக்கு இல்லீங்கக்கா, அடைக்கிற நெக்கு."

தேங்காய் பன்

பாட்டில்ல தண்ணி எவ்வளவு இருந்தாலும் அதோட கழுத்து எவ்வளவு விடுதோ அவ்வளவுதான் வெளிய வரும். அது மாதிரி, லைன்ல யாருகிட்ட வேலை தேங்கி நிக்குதோ அந்த எடத்துக்குத்தான் அந்தப் பேராம். மேனேஜர் கெட்டவர் இல்லீங்க, உள்ளதைச் சொன்னாரு. அப்போ ஓடிட்டு இருந்தது வெள்ளை, நேவி, கறுப்புன்னு கலர் கலரா ஒரு பெரிய டி-சர்ட் ஆர்டர். அது முடியறதுக்குள்ள நெக்குல தேங்கறது சரியாகலைன்னா, பேச்சியம்மாவை மெஷின்ல இருந்து எடுத்துட்டு, தைச்ச பீஸ்ல தொங்கற நூல் பிசிறு வெட்டற டேபிளுக்கு மாத்தறதுன்னு பேசி வச்சிருக்காங்க. வெளிய அனுப்பலையே, ஒப்பந்தத்துல அதுதானுங்களே இருக்குன்னாரு.

பிசிறு வெட்டறதும் வேலைதான், கேவலம் ஒண்ணுமில்லை. நானே வெட்டியிருக்கேன். ஆனா, கைமடியா வந்து, சோத்து நேரத்தையெல்லாம் விட்டுட்டு மெஷின் பழகினவளுக்கு டெய்லருங்கறது வெறும் வேலை இல்லை. ஊர்ல இருந்து யாராச்சும் போன் பண்ணிக் கேட்டா, "டெய்லரா இருக்கேன்"னு அவ சொல்றதை நான் கேட்டிருக்கேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவ சத்தமாத்தான் சொல்லுவா.

டீ டைம்ல எதிர் பேக்கரிக்குப் போனா, புது நெக் கிடைச்ச சந்தோஷத்துல எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி வச்சிருக்கா. எனக்கும் ஒண்ணு. அந்தப் பன்னைக் கையில வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றதுங்க? வெயிலைப் பத்திப் பேசினேன். பஸ்ஸைப் பத்திப் பேசினேன். டீ ஆறிப் போச்சு. கடைசியில அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போய், முடிஞ்ச வரைக்கும் மெதுவாச் சொன்னேன். அவ அழுவலை, கோவப்படலை. கையில இருந்த பன்னைப் பேப்பர்ல சுத்தி வச்சா. அப்புறம் கேட்டா. "அப்ப என்னாலதான் எல்லாரும் நிக்காகளாக்கா?"

இன்னிக்கு யாரு

சேதி எப்படியோ லைன் பூரா பரவிடுச்சு. நான் சொல்லலைங்க, பேக்கரிக்காரர் சொல்லியிருக்கலாம். அதுக்கப்புறம் போர்டுல ஒரு அதிசயம் நடந்துச்சு. மறுநாள் தேக்கம் நெக்குல இல்லை, டி-சர்ட்டுக்குக் கை வச்சுத் தைக்கற எடத்துல. அதுக்கு அடுத்த நாள் தோள்பட்டை ஜாயிண்ட் பண்ணி நெக்குக்கு அனுப்பற செல்விகிட்ட. அப்புறம் கீழ் மடிப்பு. தினமும் ஒரு பேரு. நிவேதா போர்டை அழிச்சு அழிச்சு எழுதிக் களைச்சுப் போச்சு.

எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. ஒவ்வொரு நாளும் ஒருத்தி வேணும்னே மெதுவாத் தைச்சு, தேக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கறா. கல்யாண ஊட்டுல பரிமாற முறை போட்டுக்கற மாதிரி முறை போட்டுக்கிட்டாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு. மறைக்க என்ன இருக்கு, பாத்ரூமுக்குப் போய்க் கண்ணைக் கூடக் கழுவிட்டு வந்தேன். ஆனா லைன் மொத்தமும் படுத்துடுச்சு. உற்பத்தியை ஏத்தறோம்னு கையெழுத்துப் போட்டவளும் நான்தான், இறக்கறவங்களுக்கு அக்காவும் நான்தான். "ஸ்லோ பண்ணச் சொல்லி சங்கம் சொல்லுதுங்களா?"ன்னு மேனேஜர் கேக்கறாரு. எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம, கை தைக்கற சுனிதாகிட்டப் போய், "ஏம்மா இப்படி?"ன்னு கேட்டேன். அவ ஒடிசாவுல இருந்து வந்த பொண்ணு. இந்தியையும் தமிழையும் கலந்து பேசும். ஆஜ்னா இன்னிக்கு, கல்னா நாளைக்கு. பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுட்டுச் சொன்னா. "அக்கா, ஆஜ் பாட்டில் நெக் நானு. கல் செல்வி அக்கா. நீங்க டென்ஷன் வேண்டாம்."

கறுப்புத் துணி

இந்த முறை போட்டுக்கற வித்தையெல்லாம் நிவேதாகிட்ட எத்தனை நாளைக்குப் பலிக்கும்? தறிச் சத்தத்துல பொறந்து வளர்ந்த பொண்ணு. தறி ஓடற சத்தத்துலயே எது நிஜமா ஓடுது, எது இழுத்துக்கிட்டு ஓடுதுன்னு தெரிஞ்சுக்கும். ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோட என் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுக்கப் போகுதுன்னு நான் சண்டைக்குத் தயாராயிட்டேன். அது என் ரசத்தைக் கேட்டு வாங்கி ஊத்திக்கிட்டு, "அக்கா, பேச்சியம்மாக்கா வெள்ளை பண்டல் வந்தா எல்லாரையும் முந்திடறாங்க. கறுப்பு வந்தாத்தான் நிக்கறாங்க. வாங்க, பார்க்கலாம்"னுச்சு.

ரெண்டு பேரும் தூணுக்குப் பின்னாடி நின்னு பார்த்தோம். வெள்ளைத் துணி வந்தப்போ அவ கை பறந்துச்சு. கறுப்பு பண்டல் வந்துச்சு. ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட்டுப் பக்கம் தூக்கிப் பிடிக்கறா, கண்ணைச் சுருக்கறா, தள்ளி வச்சுப் பார்க்கறா. அப்புறம் பார்க்கறதையே விட்டுட்டு, பட்டியோட ஓரத்தை விரலால தடவித் தடவி வச்சுத் தைக்கறா. தையல்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது, அது என் டேபிளுக்குத்தான வருது, எனக்குத் தெரியும். நடுவுல நூல் அந்துச்சு. அவ சுத்தி ஒரு பார்வை பார்த்துட்டு, பக்கத்துல இருந்த செல்வி தொடையை லேசாத் தட்டினா. செல்வி ஒண்ணும் கேக்காம எட்டி நூலைக் கோத்துக் கொடுத்தா. நிவேதா கையில இருந்த வாட்சை நிறுத்திட்டு என்கிட்டச் சொல்லுச்சு. "வேலை தெரியாம இல்லீங்கக்கா. அவங்களுக்கு நூலுதான் தெரியலை."

ஊருக்கே தெரியும்

நாப்பது தாண்டினா கிட்டத்துல இருக்கறது மங்கும், ஒரு கண்ணாடி போட்டாச் சரியாப் போயிடும். இதுக்காடா இவ்வளவு கூத்துன்னு எனக்கு ஒரே சந்தோஷம். பஸ் ஸ்டாப்புல பேச்சியம்மாவைப் புடிச்சு, "நாளைக்கே போய்க் கண்ணாடி வாங்கறோம்"னேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. "அதெல்லாம் வேணாங்க்கா, எனக்கு நல்லாத்தான் தெரியுது"ன்னு பஸ் நம்பரைப் பார்க்கற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. அந்த பஸ் நம்பர் அவளுக்கு நல்லாத் தெரியும், தூரத்துல இருக்கறது.

விடாமக் கேட்டதுக்கப்புறம் சொன்னா. நடுவுல ஒரு தடவை வேற ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனப்போ, அவளுக்கு முன்னாடி கண்ணாடி போட்ட ஒருத்தி நின்னாளாம். வாசல் கேட்டுல இருந்த ஆளு அவளை மெஷின்ல உக்கார வச்சுக் கூடப் பார்க்காம, ஆள் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டானாம். வயசாகாத டெய்லரைத்தான எல்லாரும் தேடறாங்க. அன்னில இருந்து இவ கண்ணு மங்கறதை ஊட்டுல கூடச் சொல்லாம வச்சிருக்கா. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். பஸ்ஸும் வந்துடுச்சு. படியில காலை வச்சவ திரும்பிச் சொன்னா. "ஊசி தெரியலைங்கது எனக்கு மட்டுந்தான் தெரியும். கண்ணாடி போட்டா ஊருக்கே தெரிஞ்சு போகும்லக்கா."

பெரிய எழுத்து

அவ ஒருத்தி மட்டும் போட்டாத்தான ஊருக்குத் தெரியும்? லைனே போட்டா? சங்கக் கூட்டத்துல பேசினேன். கம்பெனிக்கே கண் டாக்டரைக் கூட்டிட்டு வரணும், வேணுங்கறவங்களுக்கு நிர்வாகம் கண்ணாடி வாங்கிக் கொடுக்கணும், யாரு கண்ணு எப்படிங்கற விவரம் ஆபீசுக்குப் போகக் கூடாது, இதை வச்சு ஒருத்தரையும் மெஷினை விட்டு எறக்கக் கூடாதுன்னு கோரிக்கை. எங்க ஆளுங்களே சந்தேகப்பட்டாங்க. "கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லிக் களையெடுக்கப் போறாங்கக்கா"ன்னு செல்வி சொன்னா. நியாயமான பயந்தான். ரபீக் பாய்தான், "மொதல்ல முதலாளி ஒத்துக்கறாரா பார்க்கலாமுங்க, அப்புறம் பயப்படலாம்"னு கூட்டத்தை முடிச்சு வச்சாரு.

மனுவை எடுத்துட்டு முதலாளி ரூமுக்கு நானும் பாயும் போனோம். மேனேஜரும் இருந்தாரு. முதலாளி தோட்டங்காட்டுல இருந்து வந்தவரு. தன்மையா, "வாங்க அம்மிணி, உக்காருங்க பாய்"ன்னுட்டு மனுவை வாங்கினாரு. கண்ணுகிட்ட வச்சாரு. கொஞ்சம் தள்ளினாரு. இன்னும் தள்ளினாரு. கை முழுசா நீண்டு போச்சு. அதுக்கு மேல தள்ளக் கை இல்லை. மேனேஜர் மேல ஃபேனைப் பார்க்கறாரு, பாய் தன் செருப்பைப் பார்க்கறாரு. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். மனுசன் ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல காட்டிப் பார்த்துட்டு, கடைசியில என்னைப் பார்த்துக் கேட்டாரு. "ஏனுங்க அம்மிணி, எழுத்தைக் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கக் கூடாதுங்களா?"

கண்ணாடிக்குள்ள

கண் டாக்டர் வந்த அன்னிக்குக் கேன்டீன்ல எழுத்துப் பலகை மாட்டினாங்க. மொத ஆளா முதலாளியை உக்கார வச்சோம். நான்தான் கேட்டுக்கிட்டேன், அவரும் மறுப்புச் சொல்லாம வந்து உக்காந்தாரு. கீழ் வரி அவருக்குச் சுத்தமாத் தெரியலை. அவரு கண்ணாடி போடறாருன்னு தெரிஞ்சதும் செல்வியோட சந்தேகம் பாதி போச்சு. அப்புறம் மேனேஜர், ரபீக் பாய், நான், லைன்ல பாதிப் பேரு. அத்தனை நாளா ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தோம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நூல் கோத்துக் கொடுத்த செல்விக்குத் தூரப் பார்வை மோசம். அவ இத்தனை நாளா போர்டையே படிக்காம அடுத்தவங்க சொல்லக் கேட்டுத்தான் ஓட்டியிருக்கா.

பேச்சியம்மா கடைசி வரைக்கும் சுவத்தோரமா நின்னா. கூப்பிட்டு உக்கார வச்சோம். அடுத்த வாரம் கண்ணாடி வந்துச்சு. எல்லாரும் கல்யாணப் பொண்ணைப் பார்க்கற மாதிரி சுத்தி நின்னு பார்க்க, வெக்கப்பட்டுக்கிட்டே போட்டா. ஊசியைப் பார்த்தா. துணியைப் பார்த்தா. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அப்புறம் நிமிர்ந்து பக்கத்துல நின்ன என் மூஞ்சியைப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நானும் ஏதோ நன்றி சொல்லப் போறாள்னு கண்ணு கலங்க நின்னுட்டு இருந்தேன். "ஏக்கா, ஒங்களுக்கு இம்புட்டு நரையா?"

கடைசி பண்டல்

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சீங்கன்னா நீங்க பனியன் கம்பெனியில வேலை பார்த்ததில்லை. மொத நாலஞ்சு நாள் அவ முந்தியை விட மெதுவாயிட்டா. விரல் பார்த்துட்டு இருந்த வேலையைக் கண்ணு பார்க்க ஆரம்பிச்சா அப்படித்தான் ஆகுது. ஒவ்வொரு தையலையும் ஆசையா உத்துப் பார்க்கறா. கண்ணாடியைக் கழட்டித் துடைக்கறா, மறுபடி மாட்டறா, மூக்கு வலிக்குதுங்கறா. ஆர்டர் முடியற நாள் நெருங்குது. மேனேஜர் தினமும் வந்து நெக் பக்கம் நின்னு பார்த்துட்டுப் போறாரு. முறை போட்டு மெதுவாத் தைக்கறதை நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தச் சொல்லியிருந்தேன், அதனால அவளை மறைக்கவும் ஆள் இல்லை.

கடைசி கறுப்பு பண்டல் ஓடற அன்னிக்கு மத்தியானம், நான் தைச்ச பீஸை எடுக்க லைனுக்குப் போனேன். சுனிதா குனிஞ்ச தலை நிமிராமத் தைச்சுட்டு இருக்கா. செல்வி நெத்தியில வேர்வை. பேச்சியம்மா மெஷின்கிட்ட எப்பவும் மலை மாதிரி குமிஞ்சு கிடக்கற பீஸைக் காணோம். டேபிள் வெறிச்சுனு இருக்கு. அவ ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு, செல்வியையே பார்த்துட்டு உக்காந்திருக்கா. பின்னாடி மேனேஜர் வந்து நின்னதை அவ கவனிக்கலை. அவரு காலி டேபிளைப் பார்த்தாரு, நிவேதாவைப் பார்த்தாரு, பிசிறு டேபிளுக்கு மாத்தற பேச்சை அப்படியே விட்டுடலாமுங்கன்னு என்கிட்ட மெதுவாச் சொல்லிட்டு நகர்ந்தாரு. நான் அதை அவகிட்டச் சொல்லப் போறதுக்குள்ள, எங்க பேச்சியம்மா வாயைத் திறந்தா. மெஷின் சத்தத்தைத் தாண்டி லைன் பூராவும் கேட்டுச்சு. "ஏ செல்வி, பீஸ் அனுப்புத்தா. சும்மா ஒக்காந்திருக்கேன்ல!"

சங்கத்துக்கு வந்து இத்தனை வருஷத்துல, ஒரு தொழிலாளி வேலை இல்லாம சும்மா உக்காந்திருக்கறதைப் பார்த்து, ஆனந்தத்துல நான் மூக்கைச் சிந்தினது அன்னிக்கு ஒரு நாள்தானுங்க.